குதிரை லாயத்து ஆரோக்கிய சங்கம்

ஆத்துமேட்டுத் தோட்டத்துக் கவ்வாத்துக்காரர் டக்ளஸ் அந்த மாபெரும் முடிவுக்கு வந்தபோது அவர் தலையில் ஒரு விறகுக்கட்டு இருந்தது. இரண்டு கைகளிலும் தண்ணீர் வாளிகள். வாயில் ஒரு கறிவேப்பிலைக் கொத்து. அதை வேறெங்கே வைத்துக்கொள்வது? ஆகவே முடிவை வாய்விட்டு அறிவிக்க முடியவில்லை. மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டார்: 'இனிமேல் என் பின்னேரம் எனக்கே.'

விஷயம் விளங்க வேண்டுமானால் நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களின் வழக்கம் தெரிய வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் ஒன்றாகத்தான் நின்று பேர் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு பாதை பிரிந்துவிடும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள், கொடுத்த வேலையை முடித்துவிட்டால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடலாம். கொழுந்து பறிக்கிற பெண்கள் கடைசித் தராசில் கொழுந்து நிறுக்கிற வரைக்கும் மலையில் நின்றே ஆக வேண்டும். அவர்கள் லயத்து வீட்டுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பிறகு அடுப்பு, பிள்ளைகள், சட்டி பானை. இந்த ஏற்பாட்டைச் செய்த மகராசன் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று கல்யாணமாகும் வரைக்கும் டக்ளஸ் வாழ்த்திக்கொண்டுதான் இருந்தார்.

கல்யாணமான மறுவாரமே சுகிர்தம் அந்த ஏற்பாட்டைத் திருத்திவிட்டாள்.

"மத்தியானமே வந்துர்றீங்களே, வந்து என்ன செய்வீங்க?"

"என்ன செய்றது? சாப்பிட்டுட்டு கொஞ்சம் சாய்வேன்."

"சாயறதுக்கு முந்தி வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சியில ஒரு கட்டு கட்டித் தூக்கிட்டு வந்துருங்க, அடுப்புக்கு ஆகும். பீலியில ரெண்டு வாளி தண்ணி. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்றால் அவ்வளவுதான் என்று டக்ளஸ் நம்பினார். ஆனால் அந்த 'அம்புட்டு' வருடத்துக்கு வருடம் கொழுத்துக்கொண்டே போனது. கோழி அடைப்பது, மாவு சலிப்பது, காயப்போட்ட துணியை மழைக்கு முந்தி எடுப்பது எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. பக்கத்துக் காம்பரா வீட்டில் அவருடைய கூட்டாளி செல்லசாமி மத்தியானம் முழுக்கக் குறட்டை விட்டான். அந்தக் குறட்டை சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, மாவு சலித்துக்கொண்டிருக்கும் டக்ளஸின் நெஞ்சில் குத்தியது. ஒரே தோட்டம், ஒரே கவ்வாத்துக் கத்தி, இப்படியும் ஓர் அநியாயமா?

எழுபத்தொன்பதாம் வருடம் பெருமழை விட்ட ஒரு காலையில் அவருக்கு விடிவு பிறந்தது. தோட்டத்து மருந்துசாலையைப் பார்த்துக்கொண்ட கணேசமூர்த்தி ஐயா பெரட்டுக்கு வந்து ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். அவர் இளைஞர். உலகத்தை ஒரு மாத்திரையில் குணப்படுத்திவிடலாம் என்று நம்புகிற வயது.

"மனுசனுக்கு உடம்பு மட்டும் நல்லா இருந்தா போதாது. மனசும் நல்லா இருக்கணும். அதனால ஒவ்வொரு பிரிவுலயும் ஒரு ஆரோக்கிய சங்கம் வைக்கப் போறோம். கொஞ்சம் உடற்பயிற்சி, கொஞ்சம் விளையாட்டு, சிரிச்சுப் பேசறதுக்கு ஒரு எடம். எல்லாருக்கும்! பொறுப்பா நடத்தறதுக்கு ஒரு ஆள் வேணும். சங்கத்துக்கு ஒரு கரம் போர்டும் தருவேன்."

கரம் போர்டு என்ற சொல் காதில் விழுந்தபோதே டக்ளஸின் கை மேலே போய்விட்டது. கை போன பிறகுதான் மனம் போய்ச் சேர்ந்தது. இப்படியாக அவர் தலைவரானார். செல்லசாமி செயலாளரானான்.

சங்கத்துக்கு இடம் பார்த்ததில்தான் டக்ளஸின் மூளை முழுதாக வேலை செய்தது. லயங்களுக்கு மேலே, செங்குத்தான ஒரு குறுக்குப் பாதையின் உச்சியில், அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரை நின்ற லாயம் சும்மா கிடந்தது. மனிதர்கள் இருந்தது லயம், குதிரை இருந்தது லாயம். லாயத்தில் காற்றும் வெளிச்சமும் அதிகம். அந்தப் பாதையில் ஆடு கூட யோசித்துத்தான் ஏறும். நேரம் பின்னேரம் மூன்று மணி. பெரட்டில் செய்வதுபோல மூன்று மணிக்குப் பேர் கூப்பிடப்படும். அப்போது இல்லாதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை. ஆக, எல்லோரும் வரலாம். யாரும் வரமுடியாது, ஆண்களைத் தவிர.

அன்று பொழுதுபட்டு சுகிர்தம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது டக்ளஸ் தொண்டையைச் செருமினார்.

"சங்கம் வச்சிருக்கீங்களாமே?" என்று அவளே ஆரம்பித்தாள்.

"ஆமா. ஆரோக்கிய சங்கம். நான்தான் தலைவர்."

"நல்லதுதாங்க. எப்பக் கூடுவீங்க?"

"தினமும் மூணு மணிக்கு."

"அப்ப மிலாறு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன் புள்ள. தலைவரா இருக்கறவன் மிலாறு தூக்கிட்டுப் போனா சங்கத்துக்கு ஒரு மரியாதை இருக்குமா?"

"தண்ணி?"

"தண்ணியும் அதே மாதிரிதான்."

"சரிங்க."

சுகிர்தம் சண்டை போட்டால் டக்ளஸுக்குப் பயமில்லை. 'சரிங்க' என்றால்தான் பயம். இருந்தாலும் தலைவர் பதவி கொடுத்த தைரியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சங்கம் ஆம்பளைகளுக்கு மட்டுமாங்க?"

"சேச்சே! எல்லாருக்கும்."

"கீழ இருக்கற பணிய லயத்து அழகுமுத்து அண்ணனுக்கும்?"

"அவருக்கும்தான்."

"வண்டி ஏறுன கால வச்சிக்கிட்டு அவரு இஸ்தோப்புத் திண்ணையிலருந்து வாசலுக்கே எறங்குறதில்லையே. லாயத்துக்கு எப்பிடி ஏறுவாரு?"

"அதுக்கு நான் என்ன செய்ய? கதவு தெறந்துதான் கெடக்கு. அந்த லாயத்துக்குக் கதவே கெடையாது!"

"கண்ணு தெரியாத காளியாயி ஆத்தாவுக்கும்?"

"தாராளமா வரலாம்."

"கொழுந்து மலையில நிக்கற எங்களுக்கும்?"

"மூணு மணிக்கு வந்து பேர் குடுத்தா யாரு வேணாங்கறது? வர முடியலேன்னா அது சங்கத்தோட குத்தமில்ல. நேரத்தோட குத்தம்."

"ஆனா எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்!" என்று டக்ளஸ் தொடையில் தட்டிச் சொன்னார். சுகிர்தம் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ரொட்டி கருகவில்லை. அவளுடைய கவனம் முழுக்க வேறெங்கோ இருந்தும் ரொட்டி கருகாததை அவர் கவனித்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் சில நாள் டக்ளஸ் சொர்க்கத்தில் இருந்தார். மூன்று மணிக்கு லாயத்தில் பேர் கூப்பிடுவார். கரம் போர்டைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். மற்றவர்கள் குதிரை தின்ற தொட்டியில் சாக்கு விரித்து மல்லாந்துவிடுவார்கள். உடற்பயிற்சி என்று ஒன்று இருப்பது எப்போதாவது ஞாபகம் வரும். அப்போது எல்லோருமாக ஒரு தடவை சோம்பல் முறிப்பார்கள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டி, காய் குழியில் விழும் சத்தத்தைக் கேட்கும்போது, ஆண்டவர் மனிதனைப் படைத்ததற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது என்று டக்ளஸுக்குத் தோன்றியது.

ஒரு நாள் ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. கணேசமூர்த்தி ஐயா நின்றார். தொட்டியில் தூங்கிக்கொண்டிருந்த செல்லசாமி காலடி கேட்டு அலறியடித்து எழுந்தான். பெரட்டில் நிற்பதாக நினைத்து, "வந்திருக்கேங்க!" என்று கத்தி இரண்டு கைகளையும் தூக்கினான்.

"அருமையான பயிற்சி!" என்றார் ஐயா. "டக்ளஸ், நீங்க இவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"என்னங்கய்யா?"

"மறைக்காதீங்க. உங்க சம்சாரம் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

டக்ளஸின் கையிலிருந்த ஸ்ட்ரைக்கர் தானாக வழுக்கிக் குழிக்குள் போனது.

"மலையில மாத்திரை குடுக்கப் போனேன்," என்று ஐயா வாசல் கல்லில் உட்கார்ந்துகொண்டார். "சங்கம் எப்படிப் போகுதுன்னு கேட்டேன். 'ஐயா, நாங்க பறிச்ச கொழுந்தை நிறுக்கறதுக்கு நாங்க எங்கயும் போறதில்ல. நாங்க நிக்கற மலைக்குத் தராசு வருது. அதே மாதிரி சங்கமும் ஆளுக இருக்கற எடத்துக்கு வரணும்னு எங்க ஊட்டுக்காரர் ராவும் பகலும் யோசிச்சிக்கிட்டிருக்காரு. உங்ககிட்ட சொல்ல வெக்கப்படறாரு'ன்னாங்க. என்ன யோசனை! தராசு வருது, சங்கம் வரக்கூடாதா? எனக்கே தோணலையே!"

"எனக்கும் தோணலைங்கய்யா," என்றார் டக்ளஸ். அவர் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையான வார்த்தை சொன்னதே இல்லை.

"தன்னடக்கம்! முதல்ல மத்தியானத் தராசுக்குக் கொழுந்து மலை. முதுகு வலி, கழுத்து வலி எல்லாம் அங்கதான் இருக்கு. பொறகு பிள்ளைக்காம்பரா, பால் குடுக்க வர்ற தாய்மாரு அங்க இருப்பாங்க. மூணு மணிக்குப் பணிய லயம். அழகுமுத்து, காளியாயி மாதிரி வெளிய வர முடியாதவங்க. பயிற்சிய நான் சொல்லித் தாறேன். போர்டை நீங்க கொண்டு போங்க."

"இந்தப் போர்டையாங்க? மலைக்கா?"

"கஷ்டம்னா சொல்லிடுங்க டக்ளஸ். பக்கத்துப் பிரிவுக்காரங்க போர்டு கேட்டுத் தொல்லை பண்ணிக்கிட்டிருக்காங்க. அவங்களுக்குக் குடுத்துட்டு சங்கத்தை மூடிடலாம்."

சங்கத்தை மூடினால் மிலாறு. டக்ளஸ் போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கஷ்டமில்லைங்கய்யா," என்றார். கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார். தொட்டியில் ஒருவரும் இல்லை. செல்லசாமி மட்டும் ஓட வழியில்லாமல் நின்றான்.

"நான் செயலாளர், தலைவரே. தூக்கற வேலை எனக்கு வராது. கூட வர்றேன், வெய்யில் இல்லாத நாள்ல."

அன்று வீட்டில் டக்ளஸ் நெருப்பாய்த்தான் நுழைந்தார்.

"ஏன் புள்ள இப்படிச் செஞ்ச? நான் எப்ப ராவும் பகலும் யோசிச்சேன்?"

"நீங்கதானேங்க எல்லாருக்கும்னீங்க. ஒருத்தொருத்தரா பேரைச் சொல்லிக் கேட்டேனே."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது!"

"அப்பிடியா? எனக்கு அது தெரியாதுங்க. நான் பேச்சைப் பேச்சாத்தான் எடுப்பேன்." அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். "ஐயா உங்களை ரொம்பப் புகழ்ந்தாரு. மலையில அம்புட்டு பொம்பளைகளும் என்னைப் பார்த்து, கட்டுனா இப்பிடிப்பட்ட ஆளைக் கட்டணும்னாங்க."

அப்படிச் சொன்ன பிறகு எந்த ஆம்பளைதான் முடியாது என்பான்? டக்ளஸ் தேத்தண்ணியைக் குடித்தார். அதில் வழக்கத்தைவிடச் சீனி கூடுதலாக இருந்தது.

மறுநாள் கரம் போர்டு டக்ளஸின் தலையில் ஏறியது. சமமான தரையில் கரம் போர்டு ஒரு பலகை. தேயிலை மலையில் அது ஒரு கப்பல் பாய். காற்றடித்த பக்கமெல்லாம் அவரையும் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் வடிகிற கானைத் தாண்டும்போது ஒருதரம் கானுக்குள்ளேயே போனார். அட்டைகள் காலில் ஏறின. ஒருவழியாக அவர் தராசு மட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, கூடையை இறக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சங்கம் வந்திருச்சுடி!" என்று யாரோ ஒருத்தி கூவினாள்.

ஐயா சொல்லிக் கொடுத்தபடி டக்ளஸ் கழுத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டினார். கைகளைக் கோத்து மேலே நீட்டி முதுகை நிமிர்த்திக் காட்டினார்.

"தலைவரே, இன்னொரு தடவை செய்ங்க. சரியாத் தெரியல."

"தலைவரே, எடுப்பு நோவுக்கு என்னா பயிற்சி?"

"அவரு எடுப்பையே ஆட்டிக் காட்டச் சொல்லு!"

டக்ளஸ் இடுப்பையும் ஆட்டினார். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளைகூடத் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். சுகிர்தம் மட்டும் சிரிக்கவில்லை. மிகுந்த மரியாதையோடு, புருஷன் செய்ததை அப்படியே திருப்பிச் செய்தாள். நாளெல்லாம் கூடைக்கயிறு அழுத்திய நெற்றியைத் தேய்த்துவிட்டு, அவள் முதுகை நிமிர்த்தியபோது 'ஆ' என்று ஒரு சத்தம் அவளையறியாமல் வந்தது. அந்தச் சத்தம் டக்ளஸுக்கு என்னவோ செய்தது. இவளுக்கும் முதுகு வலிக்கும் என்று அவர் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்தது பிள்ளைக்காம்பரா. அங்கே மீனம்மா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். தாய் இடது கையால் பிள்ளையைத் தட்டினாள்; வலது கையால் காயைத் தட்டினாள். இரண்டும் ஒரே நேரத்தில் அடங்கின. டக்ளஸ் தோற்றார். சின்னப் பிள்ளை ஒன்று சிவப்புக் காயை வாயில் போட்டுக்கொண்டது. அதை வெளியே எடுப்பதற்குள் அவருக்கு உயிர் போய் வந்தது.

கடைசியாகப் பணிய லயம். அழகுமுத்து இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வண்டி காலில் ஏறியதிலிருந்து அதுதான் அவருக்கு வீடு, ரோடு, தோட்டம் எல்லாம். பக்கத்தில் காளியாயி கிழவி. பார்வை போனதிலிருந்து அவளுக்கும் அங்கேதான் இருப்பு.

"யாரு தம்பி?"

"நான்தான் டக்ளஸ். சங்கம் வந்திருக்கு."

"சங்கமா? எனக்கா?" என்றார் அழகுமுத்து.  கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போர்டை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

அவருக்குக் கால்தான் வராது. விரலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. முதல் ஆட்டத்தில் டக்ளஸ் ஒரு காய் போட்டார். மற்றதை எல்லாம் அழகுமுத்து போட்டார்.

"எப்பா டக்ளசு, ஆட்டம் எப்பிடிப் போகுது? எனக்குத் தெரியலையே. ரேடியோவுல சொல்றாப்ல சத்தமாச் சொல்லு," என்றாள் காளியாயி.

"நல்லாத்தான் போகுது ஆத்தா."

"யாரு ஜெயிக்கிறது?"

"இன்னும் முடியல."

"அப்ப நீதான் தோக்குற. வெவரமாச் சொல்லு!"

ஆக, தன்னுடைய தோல்வியைத் தானே லயம் முழுக்கக் கேட்கும்படி அறிவிக்கிற பொறுப்பும் தலைவருக்கு வந்து சேர்ந்தது. 'அழகுமுத்து அண்ணன் குறி பாக்குறாரு. அடிச்சாரு. விழுந்திருச்சு. நான் குறி பாக்குறேன். அடிச்சேன். போர்டை விட்டே போயிருச்சு.' கிழவி கைகொட்டிச் சிரித்தாள். அழகுமுத்து சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது என்று அவருடைய மருமகள் கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டக்ளஸுக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சந்தோஷமாக இருப்பதில் அவருக்கு ஆத்திரமாகவும் இருந்தது.

திரும்பி வரும்போது வழியில் கவ்வாத்து மலை. இப்போதெல்லாம் அந்த வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது என்று சுகிர்தத்துக்குத் தெரிந்தபோது, "வர்ற வழிதானேங்க," என்றாள். மிலாறு மறுபடியும் வந்தது. பணிய லயத்துக்குப் பக்கத்தில்தான் பீலி. "அதுவும் வழிதானே," என்றாள். முன்பு தலையில் விறகு மட்டும் இருந்தது. இப்போது போர்டும், அதன் மேல் விறகும்.

மழையிலும் வெயிலிலும் மாதங்கள் போயின. டக்ளஸ் மெலிந்தார். ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்காமல் முனகினார்.

"முழங்கால் புள்ள. மடக்க முடியல. இனி மலை ஏறுனா கால் போயிரும்."

சுகிர்தம் பதறிவிட்டாள். தைலத்தை எடுத்து வந்து தேய்த்தாள். முழங்காலை ஒரு துண்டால் கட்டினாள். இவ்வளவு லேசா என்று டக்ளஸ் கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானம் வாசலில் ஐயா வந்து நின்றார்.

"கவலைப்படாதீங்க டக்ளஸ். முழங்கால் நோவுக்காரங்களுக்குனு உட்கார்ந்துக்கிட்டே செய்யற பயிற்சி இருக்கே! காளியாயி ஆத்தா தினமும் செய்யறாங்க. நீங்களும் அவங்க பக்கத்துல உட்காருங்க. யாரையும் விடக்கூடாதுங்கறது உங்க கொள்கையாச்சே."

அன்றிலிருந்து டக்ளஸ் போர்டைப் பணிய லயத்துக்குத் தூக்கிப் போய் வைத்துவிட்டு, காளியாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி மடக்க வேண்டியதாயிற்று. கிழவிக்குக் கண்தான் தெரியாது. "டக்ளசு மடக்கல. மூச்சு சத்தமே வரல," என்று கண்டுபிடித்துவிடுவாள். இல்லாத வலிக்குச் செய்த பயிற்சியில் நிஜமாகவே வலி வந்தது.

முடியாது. இதற்கு மேல் முடியாது. டக்ளஸ் ஓர் இறுதி முடிவுக்கு வந்தார். வருடாந்தக் கூட்டத்தில் ராஜினாமா. தலைவர் பதவியும் வேண்டாம், கரம் போர்டும் வேண்டாம். மிலாறும் தண்ணியும் மட்டும் போதும். அதுவே எவ்வளவு நிம்மதியான வாழ்க்கை! செல்லசாமியைக் கூப்பிட்டு, "கூட்டம் தொடங்குனதும் என் ராஜினாமாவை நீயே சொல்லிரு. என் வாயால சொன்னா மனசு எளகிரும்," என்றார். செல்லசாமி தலையாட்டினான்.

"வேற யாருக்காவது அந்தப் பாரம் தெரியட்டும்டா. உனக்கே குடுத்தாலும் சரி."

செல்லசாமி தலையாட்டுவதை நிறுத்தினான்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போனவர்கள் ஆராதனையும் கோயிலுக்குப் போனவர்கள் கோயிலும் முடித்துவிட்டு வந்த நேரம். இடம் குதிரை லாயமில்லை. ஏற வேண்டாம், இறங்க வேண்டாம் என்று சமதரையான பெரட்டுக்களத்தில் வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மீனம்மா பிள்ளையோடு வந்திருந்தாள். காளியாயியை அழகுமுத்துவின் மருமகள் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள்.

"அழகுமுத்து அண்ணன் இல்லாமக் கூட்டமா?" என்று சுகிர்தம் கேட்டாள். "அவரைக் கூட்டியாற தலைவர்தாங்க போகணும். உங்க தோளைத்தான் அவரு நம்புவாரு."

போகிற பதவி, கடைசியாக ஒரு நல்ல காரியம் என்று டக்ளஸ் போனார். அழகுமுத்து ஒரு கையால் தடியை ஊன்றி, ஒரு கையை டக்ளஸின் தோளில் போட்டு, நின்று நின்றுதான் வந்தார். ரோட்டோரத்துச் செடியை எல்லாம் பார்த்தார். "இந்தப் பக்கம் வந்து எம்புட்டு நாளாச்சு தம்பி," என்றார். டக்ளஸுக்கு அவசரமாகவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது.

பெரட்டுக்களத்தின் திருப்பத்தில் அவர்கள் வந்தபோது செல்லசாமி கல்லின் மேல் நின்றிருந்தான்.

"அப்ப தீர்மானத்துக்குச் சம்மதம்னா எல்லாரும் கையைத் தூக்குங்க!"

கைகள் எழுந்தன. கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள் எல்லாம் ஆகாயத்தில் நின்றன. காளியாயியின் கை எழுந்தது. மீனம்மா தன் கையோடு பிள்ளையின் கையையும் பிடித்துத் தூக்கினாள். ஆண்களும் தூக்கினார்கள். எல்லோரையும்விட உயரமாகத் தூக்கியது செல்லசாமி.

"என்ன தீர்மானம்?" என்று டக்ளஸ் மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினார்.

"உங்க ராஜினாமாவை ஏத்துக்கறதில்லேன்னு, தலைவரே! ஆயுசு முழுக்க நீங்கதான் தலைவர்!"

"அது நல்ல தீர்மானம்!" என்ற குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அழகுமுத்து தோளிலிருந்த கையை எடுத்து மேலே நீட்டிவிட்டார். டக்ளஸ் இரண்டு கைகளாலும் அவரை இடுப்போடு பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால், தம்முடைய மறுப்பைத் தெரிவிக்க அவரிடம் கை மீதமில்லை.

கணேசமூர்த்தி ஐயா கண் கலங்கி, சுருக்கமாக என்று சொல்லி நீளமாகப் பேசினார். டக்ளஸ் எதையும் கேட்கவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை கைகளுக்கு நடுவில் ஒரே ஒருத்தி கையைத் தூக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். சுகிர்தம். ஊரே ஒரு பக்கம் நின்றபோது, அவள் ஒருத்தி அவர் பக்கம் இருந்திருக்கிறாள். இத்தனை நாளாக அவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவர் உருகிப்போனார்.

கூட்டம் கலைந்து இருவரும் வீட்டுக்கு நடக்கும்போது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. டக்ளஸின் தலையில் போர்டு இருந்தது. அதைக் கொஞ்சம் சாய்த்து மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"சுகிர்தம்."

"என்னங்க?"

"எல்லாரும் கை தூக்குனாங்க. அந்தச் செல்லசாமிப் பயல் தூக்குனான். என் தோள்ல தொங்கிக்கிட்டே அழகுமுத்து அண்ணன் தூக்குனாரு. நீ ஒருத்திதான் தூக்கல. நான் பார்த்தேன் புள்ள. என்னதான் இருந்தாலும் கட்டுனவ கட்டுனவதான்."

சுகிர்தம் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அதுல என்னங்க இருக்கு? தீர்மானத்தைக் கொண்டாந்ததே நான்தானே. கொண்டாந்தவளே கையையும் தூக்குனா நல்லாவா இருக்கும்?"